டயாலிசிஸில் சுகர்: எண் இறங்கினால் நோய் இறங்கியதா?

டயாலிசிஸ் தொடங்கி நாலைந்து மாதம் ஆனதும் பல வீடுகளில் ஒரு நிம்மதி பிறக்கும். இருபது வருடமாக ஆட்டிப்படைத்த சுகர் தானாக அடங்கிவரும். காலையில் 24, இரவில் 16 யூனிட் என்று போட்டுக்கொண்டிருந்தவருக்கு எட்டும் ஆறும் போதும் என்றாகும். சிலருக்கு டாக்டர் இன்சுலினையே நிறுத்திவிடுவார். "மெஷின்ல போட்டதும் அப்பாவுக்கு சுகர் போயிடுச்சு" என்று சொந்தக்காரர்களுக்கு போன் போகும். பத்தியம் மெல்லத் தளரும்.

சுகர் போகவில்லை. உடம்பில் சர்க்கரையையும் இன்சுலினையும் கையாண்டுவந்த ஓர் உறுப்பு வேலையை நிறுத்திவிட்டது, அதனால் வரவு செலவுக் கணக்கு மாறியிருக்கிறது. ரத்த அழுத்தத்தாலோ கல்லடைப்பாலோ கிட்னி போன, சுகரே இல்லாத ஒருவருக்கும் இதே கணக்கு மாறுகிறது. ஆனால் அவர் விரலில் யாரும் குத்திப் பார்ப்பதில்லை.

நீலகிரியில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. இங்கே டயாலிசிஸுக்குப் போவது என்றால் பலருக்கு விடிவதற்கு முன் கிளம்பி, வளைவு வளைவாக பஸ்ஸில் இறங்கியோ ஏறியோ போய்ச் சேருவது. ஊசி போடும் நேரம், சாப்பிடும் நேரம், மெஷின் ஓடும் நேரம் மூன்றும் ஒன்றோடொன்று மோதும் இடம் அந்தப் பயணம்தான். (இந்தக் கட்டுரையில் 100 என்றால் 100 மி.லி. ரத்தத்தில் 100 மி.கி. குளுக்கோஸ் என்று பொருள்.)

கிட்னி செய்துவந்த வேலை

ஆரோக்கியமான இரண்டு சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, கிட்டத்தட்ட அத்தனையையும் மறுபடி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை 180-ஐத் தாண்டினால்தான் மிச்சம் சிறுநீரில் வழியும். இந்த வேலை பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத வேலைகள் இரண்டு இருக்கின்றன.

முதலாவது, சிறுநீரகம் சர்க்கரையை உண்டாக்குகிறது. இரவு முழுவதும் பட்டினி கிடந்து காலையில் எழும்போது ரத்தத்துக்கு வந்து சேரும் குளுக்கோஸில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகம் தருவது, மீதி கல்லீரல் தருவது. பட்டினி நீண்டால் சிறுநீரகத்தின் பங்கு இன்னும் கூடும். சுருங்கிப்போன கிட்னியால் அது முடியாது. சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் முட்டுக்கொடுக்கும் ஒரு தூண் போய்விடுகிறது.

இரண்டாவது, இன்சுலினை உடைப்பது. கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குப் போகிறது, ஏறக்குறைய பாதி அங்கேயே தீர்ந்துவிடும். வயிற்றிலோ தொடையிலோ ஊசியாகப் போடும் இன்சுலினுக்கு அந்த வழி இல்லை. அது நேரே பொது ரத்த ஓட்டத்தில் கலக்கிறது. அதைச் சிதைத்து முடிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கிட்னி நின்றபின், காலை ஆறு மணிக்குப் போட்ட ஊசி மதியத்தோடு அடங்காமல் மாலை வரை இழுக்கும். கிட்னியின் வடிகட்டும் திறன் (நிமிடத்துக்கு இத்தனை மி.லி. என்ற கணக்கில்) 50-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் டோஸில் கால் பங்கும், 10-க்குக் கீழே போய்விட்டால் பாதியும் குறைப்பது என்ற நெடுநாள் நடைமுறை இதிலிருந்துதான் வந்தது.

இத்தோடு பசி குறைகிறது, எடை இறங்குகிறது. எல்லாம் சேர்ந்து, சுகர் உள்ள டயாலிசிஸ் நோயாளிகளில் மூன்றில் ஒருவர் வரை எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் சோதனை) 6 சதவீதத்துக்குக் கீழே வந்து நிற்கிறார்கள். எரிந்து ஓய்ந்த சர்க்கரை நோய் என்று இதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் ஆறுதலாக ஒலித்தாலும் பல நேரம் அது காட்டுவது சத்துக் குறைவையும் உடம்பு தேய்வதையும். எடையும் ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதமும் இறங்கிக்கொண்டே சுகரும் இறங்கினால் கொண்டாட ஒன்றும் இல்லை.

இதற்கு நேர் எதிராக இழுக்கும் விசையும் உண்டு. வெளியேறாத கழிவுகள், ரத்தத்தில் கூடும் அமிலத்தன்மை, ஓயாத அழற்சி, வைட்டமின் டி பற்றாக்குறை, அசைவில்லாத உடம்பு எல்லாம் சேர்ந்து தசைகளை இன்சுலினுக்குச் செவிகொடுக்காமல் செய்துவிடுகின்றன. சுகர் இல்லாதவருக்கும் இது நேரும். வெறும் வயிற்றில் 85, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 170 என்று வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். டயாலிசிஸ் ஒழுங்காக நடந்தால் இந்த மந்தம் ஓரளவு தெளியும். ஆக, இன்சுலின் அதிக நேரம் தங்குகிறது, தங்கும் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நாளில் நடப்பதால்தான் டயாலிசிஸ் நோயாளியின் சுகர் காலையில் 70, இரவில் 280 என்று ஊஞ்சல் ஆடுகிறது.

மெஷின் ஓடும் நான்கு மணி நேரம்

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியான டயாலைசரின் ஒரு பக்கம் ரத்தம் நிமிடத்துக்கு 250 முதல் 350 மி.லி. ஓடுகிறது. சவ்வுக்கு மறுபுறம் டயாலிசேட் என்ற கழுவும் கரைசல் நிமிடத்துக்கு 500 மி.லி. ஓடுகிறது. நான்கு மணி நேரத்தில் அது 120 லிட்டர். குளுக்கோஸ் மிகச் சிறிய மூலக்கூறு, எந்தப் பக்கம் அதிகமோ அங்கிருந்து குறைவான பக்கத்துக்குத் தடையின்றிப் போகும்.

டயாலிசேட்டில் 100 அளவுக்குக் குளுக்கோஸ் இருந்தால், 220 உடன் வந்தவரின் சர்க்கரை மெல்லக் கீழே வரும், 75 உடன் வந்தவருக்குக் கொஞ்சம் ஏறும். இரு பக்கமும் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு இது. குளுக்கோஸே இல்லாத டயாலிசேட் என்றால் கதை வேறு. ரத்தத்தில் எவ்வளவு குறைந்தாலும் சர்க்கரை வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஒரு முறைக்கு 25 முதல் 30 கிராம் வரை இப்படி இழப்பாகும். ஆறு டீஸ்பூன் சர்க்கரையைக் கொட்டியதற்குச் சமம். உங்கள் டயாலிசிஸ் யூனிட்டில் எது பயன்படுகிறது என்று தெரிந்துகொள்ள வழி எளிது. மெஷினின் அடியில் ஏ, பி என்று இரண்டு கேன் இருக்கும். ஏ கேனின் லேபிளில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) என்ற வரி இருக்கிறதா, கலந்தபின் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள். லிட்டருக்கு 1 கிராம் என்றால் 100, 2 கிராம் என்றால் 200. அந்த வரியே இல்லாவிட்டால் குளுக்கோஸ் இல்லாத கரைசல். டெக்னீஷியனிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார், கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சவ்வு வழியே போவது மட்டும் அல்ல. டயாலிசேட்டிலிருந்து பைகார்பனேட் ரத்தத்துக்குள் ஏறும்போது சிவப்பணுக்களுக்குள் அமில-கார நிலை மாறுகிறது. அவை வழக்கத்தைவிட வேகமாகக் குளுக்கோஸை உள்ளிழுத்துச் செலவழிக்கின்றன. அதனால் டயாலிசேட்டில் 100 இருந்தாலும் டயாலைசரை விட்டு வரும் ரத்தத்தில் அதற்கும் கீழே காட்டக்கூடும். கூடவே ரத்தத்திலிருக்கும் இன்சுலினிலும் ஒரு பகுதி டயாலைசரில் ஒட்டியும் வடிந்தும் போய்விடுகிறது.

சுகர் இல்லாதவரின் உடம்பு இதைச் சமாளித்துவிடும். சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் கணையம் இன்சுலினை மடக்கிக்கொள்ளும், கல்லீரல் தன் சேமிப்பைத் திறந்துவிடும். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டு வந்தவருக்கு எதுவும் தெரியாமலே நான்கு மணி நேரம் ஓடிவிடும். இன்சுலின் போட்டு வந்தவருக்கு அந்த மடக்கும் வசதி இல்லை. தோலுக்கடியில் இருக்கும் மருந்து, சர்க்கரை இறங்கினாலும் தொடர்ந்து ரத்தத்தில் கலந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ஆபத்து அதிகம் சேரும் நேரம் மூன்றாவது மணி.

மெஷினை விட்டு இறங்கிய பிறகு திசை மாறும். இன்சுலினில் ஒரு பகுதி போய்விட்டது, உடம்பு சிரமத்தில் சர்க்கரையை ஏற்றும் எதிர் ஹார்மோன்களைச் சுரந்திருக்கிறது, பசியோடு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிடுகிறார். மாலையில் 250, 300 என்று ஏறும். அதைப் பார்த்துப் பயந்து அன்றிரவு கூடுதல் யூனிட் போடுவது பலர் செய்யும் பிழை. ஏனென்றால் கழிவு நீங்கியதால் மறுநாள் உடம்பு இன்சுலினுக்கு நன்றாகவே செவிகொடுக்கும். டயாலிசிஸுக்கு முந்தைய நாளோடு ஒப்பிட்டால் மறுநாள் அடிப்படை இன்சுலின் தேவை கால் பங்கு வரை குறைவதை அளந்து காட்டியிருக்கிறார்கள். மாலை ஏற்றத்துக்குப் போட்ட கூடுதல் ஊசியும் இந்தக் குறைவும் சேர்ந்து விடிகாலை மூன்று மணிக்குப் பழிவாங்கும்.

மலைப் பாதையில் ஒரு காலை

கோத்தகிரிக்கு அப்பால் ஒரு ஹட்டியிலிருந்து (மலைக் கிராமம்) ஊட்டிக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ முதல் ஷிப்டுக்கு வரும் ஒருவரின் காலையை மணிக்கணக்கில் பார்ப்போம். நாலரைக்கு எழுகிறார். ஐந்துக்கு 30/70 கலப்பு இன்சுலின் 14 யூனிட். ஒரு டம்ளர் டீ, இரண்டு வர்க்கி. இட்லி இறங்கவில்லை. பஸ்ஸில் வளைவு திரும்பத் திரும்பக் குமட்டல், குடித்ததும் தின்றதும் வெளியே. ஏழரைக்கு மெஷினில் ஊசி குத்தியாகிவிட்டது. கலப்பு இன்சுலின் இரண்டாம் மணியிலிருந்து எட்டாம் மணி வரை வலுவாக நிற்கும் மருந்து, கிட்னி இல்லாதவருக்கு அதற்கு மேலும் நிற்கும். பத்தரை மணிக்கு மருந்தின் உச்சமும் மெஷினின் மூன்றாம் மணியும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. வயிற்றிலோ ஒன்றுமில்லை.

நீண்ட நாள் சுகரில் வயிற்று நரம்புகளும் பழுதாகியிருக்கும். வாந்தி எடுக்காவிட்டாலும் சாப்பாடு வயிற்றிலேயே தேங்கி நின்று, இன்சுலின் ஓடி முடித்தபின் மெதுவாக இறங்கும். முதலில் லோ (சர்க்கரை இறக்கம்), பிறகு ஹை (ஏற்றம்). எத்தனை டோஸ் மாற்றினாலும் சரிப்படாத சுகருக்குப் பின்னால் இந்த மந்த வயிறு இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இந்தக் காலையை மாற்ற முடியும். டயாலிசிஸ் நாளுக்கென்று தனி டோஸ், தனி நேரம் எழுதித் தரும்படி கேளுங்கள். பலருக்கு அன்று காலை ஊசியைக் குறைத்தோ, யூனிட்டுக்கு வந்து சாப்பாடு வயிற்றில் தங்கியது உறுதியான பிறகு போட்டோ, நான்கு மணி நேரம் முடிந்து மதியச் சாப்பாட்டோடு போட்டோ சரிசெய்வார்கள். எது உங்களுக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் "ஐந்து மணிக்கு ஊசி, ஏழரைக்கு மெஷின்" என்ற விவரத்தை அவருக்கு யாரும் சொல்லாமல் விட்டால் அவர் வழக்கமான டோஸையே எழுதுவார். பஸ்ஸில் குமட்டும் என்று தெரிந்தவர் கிளம்பும் முன் சாப்பிடாமல், வந்து சேர்ந்ததும் மெஷின் தொடங்குவதற்கு முன் சாப்பிடலாம். மெஷின் ஓடும்போது வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தம் குடல் பக்கம் திரும்பி பிரஷர் இறங்கும், அதனால் நடுவில் சாப்பாடு வேண்டாம் என்று சில யூனிட்டுகளில் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

ஊசி விஷயத்தில் இன்னொன்று, உயிர் போகும் பிழை என்பதால் விட முடியாது. நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை மி.லி.க்கு 40 யூனிட். பேனாவில் வருவது 100 யூனிட். 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். நல்ல கிட்னி உள்ளவரே தடுமாறும் அளவு அது.

நடுக்கம் குளிரா, லோவா?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் காலையில் டயாலிசிஸ் கட்டிலில் ஒருவர் நடுங்கினால் முதலில் கம்பளிதான் போர்த்துவார்கள். இயல்புதான். ரத்தம் உடம்புக்கு வெளியே ஓடி வரும்போது குளிரும், டயாலிசேட்டும் பல நேரம் 36 டிகிரிக்கு அருகில்தான் இருக்கும். ஆனால் அதே நடுக்கம் டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்ட கதீட்டர் குழாயில் கிருமி ஏறியதாலும் வரும், லோ சுகராலும் வரும். கம்பளி போர்த்தும் கையோடு விரலில் ஒரு குத்து குத்திப் பார்த்துவிட வேண்டும்.

பிரஷர் இறங்குவதும் லோ சுகரும் இதைவிட நெருக்கமாக ஒன்றையொன்று ஒத்திருக்கும். இரண்டிலும் கொட்டாவி, தலைசுற்றல், வியர்வை. பிரஷர் இறங்கியதைக் கண்டு கால் பக்கத்தை உயர்த்தி சலைன் கொடுத்து, அதற்குப் பிறகும் ஆள் தெளியவில்லை என்றால் சுகர் பார்க்க மறந்திருப்பார்கள். கார்வெடிலால், மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். குளிர் காலையில் நெற்றி, மேலுதடு, பின்கழுத்தில் வியர்த்திருந்தால் அது சாதாரணம் அல்ல. நான்கு மணி நேரமும் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்று நினைத்து விட்டுவிடுவது இன்னொரு ஆபத்து. மூன்றாம் மணியில் எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள். பதில் குழறினால் உடனே குத்திப் பாருங்கள்.

70-க்குக் கீழே என்றால் லோ. 54-க்குக் கீழே என்றால் உடனே கவனிக்க வேண்டிய லோ. நினைவோடு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை, ஏறத்தாழ 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில். அரை டம்ளர் போதும், டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீரும் கணக்குதான். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. இளநீர், ஆரஞ்சு ஜூஸ், வாழைப்பழம் வேண்டவே வேண்டாம். ஒரு இளநீரில் 500 மி.கி.க்கு மேல் பொட்டாசியம் இருக்கக்கூடும். சுகரைத் தூக்கப் போய் இதயத்தை நிறுத்திவிடும். கருப்பட்டி, வெல்லத்திலும் பொட்டாசியம் உண்டு, வெள்ளைச் சர்க்கரையே இங்கே பாதுகாப்பு. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மெஷினில் இருந்தால் சிஸ்டர் ரத்த டியூப் வழியாகவே டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிவிடுவார்.

மீட்டர் சொல்லும் பொய், எச்பிஏ1சி சொல்லும் பொய்

எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் படிந்த சர்க்கரை. சிவப்பணு 120 நாள் வாழும் என்ற கணக்கில்தான் அது மூன்று மாத சராசரி. டயாலிசிஸ் நோயாளியின் சிவப்பணு 60 முதல் 90 நாளில் அழிந்துவிடும். அதோடு ரத்தம் ஊற எரித்ரோபொயட்டின் ஊசி போடுகிறார்கள், புதிதாக வரும் அணுக்களில் சர்க்கரை படிய நேரம் இருந்திருக்காது. ரத்தம் ஏற்றியிருந்தால் அது இன்னொருவரின் சர்க்கரைக் கதையையும் சேர்த்துச் சொல்லும். ஆகவே 6.2 என்று வந்த எண் உண்மையில் 7-க்கு மேல் இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைந்தால் மறுபக்கம், கூட்டிக் காட்டும். சிறுநீரக நோயாளிகளின் சர்க்கரைக்கான 2022 உலக வழிகாட்டுதலே டயாலிசிஸில் இந்தச் சோதனையின் நம்பகம் குறைவு என்று சொல்கிறது. ஜப்பானில் அதற்குப் பதில் கிளைகேட்டட் அல்புமின் (சர்க்கரை படிந்த அல்புமின்) பார்த்து 20 சதவீதத்துக்குக் கீழும், இதய நோய் இருந்தவர்களுக்கும் அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கும் 24-க்குக் கீழும் வைக்கிறார்கள். நம் பக்கம் அது எல்லா ஆய்வகத்திலும் கிடைக்காது. அதனால் விரல் குத்தும் நோட்டுப் புத்தகம்தான் உண்மையான சாட்சி: டயாலிசிஸ் நாளில் மெஷினுக்கு முன், மூன்றாம் மணி, இறங்கும்போது, இரவு படுக்கும் முன், மறுநாள் காலை என்று ஒரு வாரம் எழுதினால் டாக்டருக்கு எந்த எச்பிஏ1சியையும்விட அது பயன்படும்.

அந்த மீட்டரும் தவறும். ரத்தசோகை உள்ளவரின் நீர்த்த ரத்தத்தில் பல மீட்டர்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். உண்மையில் 62 இருக்கும்போது 78 காட்டினால் விளைவு என்னவாகும் என்று யோசியுங்கள். எண் 80 ஆக இருந்தும் ஆள் வியர்த்துக் குழறினால் ஆளை நம்புங்கள், சர்க்கரை கொடுங்கள். பெரும்பாலான மீட்டர்கள் 10 டிகிரிக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். உறைபனிக் காலையில் ஜன்னல் ஓரம் கிடந்த மீட்டர் எரர் காட்டுவதற்கு அதுதான் காரணம், பதினைந்து நிமிடம் சட்டைப் பையில் வைத்திருந்து பிறகு பாருங்கள். உயரம் பெரிய பிரச்சினை இல்லை. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான், பொதுவாக மீட்டர்கள் 3,000 மீட்டர் வரை தாங்கும். கை விறைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். தேயிலை பறித்துக் காய்த்துப்போன விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் ரத்தமும் வரும், வலியும் குறையும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையே நல்லது.

இன்சுலினுக்கும் மலை ஒரு விதத்தில் நல்லது, ஒரு விதத்தில் கெட்டது. திறந்த குப்பி குன்னூரில் வெளியிலேயே நான்கு வாரம் இருக்கலாம். ஆனால் ஃப்ரிஜ்ஜில் ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான், உருகியபின் தெளிவாகத் தெரிந்தாலும் வீரியம் போயிருக்கும். மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் போகிற நாளில் வெயில் படும் பையில் வைக்காதீர்கள்.

சுகர் இல்லாதவருக்கு லோ வந்தால்

சுகர் இல்லாத டயாலிசிஸ் நோயாளிக்கு 55 என்று வந்தால் டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்து எழுப்பிவிட்டு அனுப்பினால் போதாது. ஏன் வந்தது என்று தேட வேண்டும். மெலிந்து தேய்ந்த உடம்பில் கல்லீரல் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். உள்ளே கிருமித்தொற்று பரவிக்கொண்டிருக்கலாம், காய்ச்சலே இல்லாமலும். கல்லீரல் கெட்டிருக்கலாம், முந்தின நாள் மது குடித்துவிட்டுச் சாப்பிடாமல் வந்திருக்கலாம். மருந்தும் ஒரு முக்கியமான காரணம். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோ-ட்ரைமாக்ஸசோல், கிட்னி வழியே வெளியேற முடியாமல் தேங்கும்போது சுகர் மாத்திரை போலவே நடந்துகொள்ளும். லெவோஃப்ளாக்ஸசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், வலிக்குத் தரும் டிரமடால், மலேரியாவுக்கான குயினைன் எல்லாமே சுகரை இறக்கிய வரலாறு உண்டு. புதிதாக எந்த மாத்திரை ஆரம்பித்தாலும், கடையில் வாங்கியதாக இருந்தாலும், அந்த அட்டையை அடுத்த டயாலிசிஸுக்கு எடுத்து வாருங்கள்.

சுகர் உள்ளவர்களுக்கு மாத்திரைப் பட்டியல் சுருங்கிவிடும். மெட்ஃபார்மின் நிறுத்த வேண்டும். கிளிபென்கிளமைடு கூடவே கூடாது, கிளிமெபிரைடும் ஆபத்து. இவை தேங்கினால் லோ ஒரு நாளுக்கு மேலும் திரும்பத் திரும்ப வரும். சர்க்கரை கொடுத்துத் தெளிந்துவிட்டார் என்று பஸ் ஏற்றிவிடாமல் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய சீட்டை வைத்து மருந்துக்கடையில் மாதாமாதம் வாங்குபவர்கள் சிக்குவது இங்கேதான். லினாகிளிப்டின் 5 மி.கி., டெனெலிகிளிப்டின் 20 மி.கி. டோஸ் குறைக்காமலே கொடுக்கலாம், சிட்டாகிளிப்டின் 25 மி.கி.க்கு மேல் போகாது. பியோகிளிடசோன் நீர் கோக்கும். சிறுநீரில் சர்க்கரையை இறக்கும் புது மாத்திரைகளுக்குச் சிறுநீரே இல்லாதவரிடம் சுகரைக் குறைக்க வழி இல்லை.

சர்க்கரை ஏறினால் தாகம், தாகம் ஏறினால் எடை

கிட்னி வேலை செய்யும் ஒருவருக்குச் சர்க்கரை 500 ஆனால் சிறுநீராகப் போய் உடம்பு வற்றும். அதனால்தான் அவசர சிகிச்சையில் முதலில் சலைன் பாட்டில். சிறுநீர் போகாதவருக்கு அந்தத் திறப்பே இல்லை. ஏறிய சர்க்கரை அணுக்களிலிருந்து தண்ணீரை ரத்தத்துக்குள் இழுக்கும், பொட்டாசியமும் கூடவே வெளியே வரும், சோடியம் நீர்த்துப்போகும், தாகத்தில் இன்னும் குடிப்பார், கடைசியில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். இவருக்கு வேண்டியது அளவான இன்சுலின், தேவைப்பட்டால் டயாலிசிஸ். சலைன் பாட்டில் இங்கே ஆபத்து. மழையில் மரம் விழுந்து, மண் சரிந்து பாதை அடைபட்ட இரவில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட நேர்ந்தால், வாசலிலேயே "டயாலிசிஸ் பேஷண்ட், யூரின் போகாது" என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை மூன்று, நான்கு கிலோ ஏறுகிறது என்றால் தண்ணீர்க் கட்டுப்பாடு இல்லை என்று திட்டுவதற்கு முன் சுகரைப் பாருங்கள். 300-ல் நிற்கும் ஒருவரால் தாகத்தை அடக்க முடியாது. குளிரில் வியர்வையும் இல்லை, எஸ்டேட் லைன் வீடுகளில் நாளுக்கு ஆறு டம்ளர் சர்க்கரை போட்ட டீ வழக்கம். அதை இரண்டாக்கி, சிறிய டம்ளருக்கு மாறினால் சுகரும் எடையும் ஒன்றாக இறங்கும். ராகிக் களி சுகருக்கு நல்லது என்று அளவில்லாமல் சாப்பிடக் கூடாது, மாவுச்சத்து அரிசிக்கு நிகர்தான், பொட்டாசியமும் பாஸ்பரசும் அரிசியைவிடக் கூடுதல். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும், சர்க்கரை குறையாது.

வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களுக்கு

தொலைவில் இருப்பவர்களுக்குச் சிஏபிடி, அதாவது பையிலிருக்கும் கரைசலை வயிற்றுக்குள் விட்டு வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ், பெரிய விடுதலை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் அந்தப் பையில் நீரை இழுப்பதே சர்க்கரைதான். இரண்டு லிட்டர் மஞ்சள் பை 1.5 சதவீதம், 30 கிராம். பச்சை 2.5 சதவீதம், 50 கிராம். சிவப்பு 4.25 சதவீதம், 85 கிராம். நாளுக்கு மூன்று மஞ்சள், ஒரு பச்சை என்றால் 140 கிராம். அதில் 60 முதல் 80 சதவீதம் வயிற்றுச் சவ்வு வழியாக உள்ளே போகும். சாப்பிடாமலே தினம் நூறு கிராம் சர்க்கரை. சுகர் உள்ளவருக்கு இன்சுலின் கூட்ட வேண்டி வரும், இல்லாதவருக்கு எடையும் கொழுப்பும் ஏறிப் புதிதாகச் சுகர் வரலாம். உப்பைக் குறைத்தால் தாகம் குறையும், சிவப்புப் பை தேவைப்படும் நாளும் குறையும்.

சர்க்கரைக்குப் பதில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் உள்ள பையைப் பயன்படுத்துபவர்கள் மட்டும் ஒன்றை மறக்கவே கூடாது. அது உடம்பில் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக மாறும். சில வகை ஸ்ட்ரிப்புகள் மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணி, 50 இருக்கும்போது 180 காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டு உயிர் போனதால் 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டது. ஸ்ட்ரிப் டப்பாவில் மால்டோஸ் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்; பையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் பாதிப்பு ரத்தத்தில் நிற்கும்.

மெஷின் டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் திரும்பும் பயணத்துக்கு: இறங்கும்போது சுகர் 100-க்குக் கீழே இருந்து, காலை ஊசியும் போட்டிருந்தால், சாப்பிட்டுவிட்டு அரை மணி உட்கார்ந்து மறுபடி பார்த்தபின்தான் பஸ் ஏற வேண்டும். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை, மீட்டர், டயாலிசிஸ் அட்டை. மாலையில் ஏறியிருந்து ஊசி கூட்டிப் போட்ட இரவில், மூன்று மணிக்கு அலாரம் வைத்து ஒரு முறை பாருங்கள். அந்த ஒரு ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிக்க வேண்டாம்.